தாளில் வந்தால்தான் கணக்கு

இந்த வாரம் கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாச்சாரம். பயந்து ஓடிவிட வேண்டாம், நடுவில் பென்ஷன் கதை ஒன்றும் வருகிறது.

பழைய மென்பொருளைப் புதிய கணினியில் ஓட்டிக் காட்டுவது இன்று பெரிய வித்தை இல்லை. எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. புதிய கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு பழைய கணினி மாதிரியே நடிக்கிற மென்பொருள் அது. அதற்குள் நம் காலத்து டாஸ் வரும், வேர்ட்ஸ்டார் வரும், லோட்டஸ் வரும். கறுப்புத் திரையும் கண்சிமிட்டும் கர்சரும் அப்படியே வரும். லீவுக்கு வருகிற பேரன்கள் பத்து நிமிடத்தில் இதையெல்லாம் வரவழைத்து, "பாருங்க தாத்தா, உங்க காலத்துக் கம்ப்யூட்டர்!" என்று காட்டுவார்கள். நமக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

"சரிடா கண்ணா, இதிலிருந்து ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். வண்டி அங்கே நின்றுவிடும். பக்கத்திலேயே பளபளவென்று புது பிரிண்டர் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கிற பழைய கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

என் கட்சி இதுதான். அச்சு வராத மென்பொருள் பாதிதான் காப்பாற்றப்பட்டிருக்கிறது. விளையாட்டு மென்பொருளுக்குத் திரை போதும். கணக்கு, சம்பளம், ரசீது, பதிவேடு போன்றவற்றுக்குத் திரை என்பது வாசல் மட்டுமே. அவை செய்து முடித்த வேலை தாளில்தான் இருந்தது. பழைய அலுவலக மென்பொருளைப் பாதுகாக்கிறோம் என்று சொல்கிறவர்கள் திரையை மட்டும் பாதுகாத்துவிட்டுக் கைதட்டிக்கொள்வது போதாது.

ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். அப்போது அதற்கு இ.டி.பி. பிரிவு என்று பெயர். மாதக் கடைசியில் ராத்திரி முழுக்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் 'கர்ர்... கர்ர்...' என்று கத்த, மடிப்பு மடிப்பாக விழும் தாளை ஓரத்துளைக் காகிதம் கிழித்து அடுக்கியவன். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

கம்பியும் பேச்சும்

அச்சு ஏன் சண்டித்தனம் செய்கிறது? இரண்டு காரணங்கள். ஒன்று கம்பி, இன்னொன்று பேச்சு.

முதலில் கம்பி. 1970-இல் சென்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் பிரிண்டருக்கு ஓர் இணைப்பு முறையை வகுத்தது. 1981-இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அந்த வழக்கத்தையே பின்பற்றியது. கணினியின் முதுகில் 25 ஊசிகளுக்கான அகலமான இணைப்பு இருக்குமே, அதுதான். எட்டுக் கம்பிகளில் ஓர் எழுத்து போகும். 'இந்தா, எடுத்துக்கொள்' என்று சொல்ல ஒரு கம்பி. 'இரு, வேலையாக இருக்கிறேன்' என்று பிரிண்டர் பதில் சொல்ல ஒரு கம்பி. 'தாள் தீர்ந்துவிட்டது' என்று சொல்லக்கூட ஒரு கம்பி உண்டு. டாஸ் மென்பொருள்கள் இதற்கு எல்.பி.டி.1 என்று பெயர் வைத்து, நேராக அந்த வாயிலில் எழுத்துகளைத் தள்ளிவிடும். நடுவில் தரகர் கிடையாது.

இன்றைய கணினியில் அந்த வாயிலே இல்லை. யு.எஸ்.பி. இருக்கிறது, வைஃபை இருக்கிறது. எனவே எமுலேட்டர்தான் எல்.பி.டி.1 ஆக நடிக்க வேண்டும். 'தயார், தாள் இருக்கிறது, அனுப்பு' என்று உள்ளே இருக்கும் மென்பொருளை நம்பவைக்க வேண்டும். வருகிற எழுத்துகளை எங்கேயாவது பிடித்து வைக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். பழைய மென்பொருள் 'நான் முடித்துவிட்டேன்' என்று யாரிடமும் சொல்லாது. தள்ள வேண்டியதைத் தள்ளிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். புதிய கணினியோ வேலை முடிந்தது என்று தெரிந்தால்தான் அச்சுக்கு அனுப்பும். ஆகவே கடைசி எழுத்து வந்து இத்தனை நேரம் சத்தமில்லை என்றால் முடிந்ததாக வைத்துக்கொள், என்று ஒரு கணக்கை நாமே சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அடுத்து பேச்சு. 1980-இல் வந்த எப்சன் எம்.எக்ஸ்-80 பிரிண்டர் உலகம் முழுக்கப் பரவியது. எப்சன் பேசிய கட்டளை மொழியையே பிற கம்பெனிகளும் பேச ஆரம்பித்தன. நம் ஊர் அலுவலகங்களில் கத்திய டி.வி.எஸ்., விப்ரோ பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கும் அது புரியும். எளிமையான மொழி. 15 என்ற எண்ணை அனுப்பினால் எழுத்து நெருக்கமாகும், அகலமான பட்டியல் அடங்கும். 18 அனுப்பினால் பழைய அளவுக்குத் திரும்பும். 12 அனுப்பினால் அடுத்த பக்கம். 27-ஐயும் அதன் பின்னே ஆங்கில 'இ' எழுத்தையும் அனுப்பினால் தடித்த எழுத்து. கையேட்டின் பின்பக்கத்தில் இதெல்லாம் பட்டியலாகவே அச்சாகி இருக்கும். நம்மில் பலருக்கு அது மனப்பாடம்.

பிறகு விண்டோஸ் வந்தது. பிரிண்டரின் மூளையைக் கணினிக்குள் இருக்கும் டிரைவரிடம் கொடுத்துவிட்டு, பிரிண்டரை மலிவாக்கினார்கள். அப்படி வந்த மலிவு பிரிண்டர்கள் பலவற்றுக்கு 'அ' என்ற எழுத்தோ 'ஏ' என்ற எழுத்தோ தெரியாது. பக்கத்தைப் புள்ளிப் படமாக மாற்றி, தன் கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த ரகசிய பாஷையில் அனுப்பினால்தான் அச்சாகும். அந்த பாஷை அந்த டிரைவருக்கு மட்டும் தெரியும். அந்த டிரைவர் குறிப்பிட்ட சில விண்டோஸ்களில் மட்டும் ஓடும். விண்டோஸ் மாறினால் நல்ல பிரிண்டர் காயலான் கடைக்குப் போகும். மறுபக்கம், எமுலேட்டருக்குள் விண்டோஸ் எக்ஸ்.பி.யை உயிரோடு வைத்திருந்தாலும், போன மாதம் வாங்கிய பிரிண்டருக்கு எக்ஸ்.பி. டிரைவரை யாரும் எழுதித் தரப்போவதில்லை. எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதே 2014 ஏப்ரலில்.

இரண்டு தலைமுறைக்கு நடுவே பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பம் மாதிரிதான் இது. இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

125 மாதங்கள்

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கிறவர்களுக்காக நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஆலை இல்லை, வேறோர் ஆலை. பெயர் வேண்டாம்.

1995 நவம்பர் 16-இல் அமலுக்கு வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம் நம்மில் பலருக்குச் சோறு போடுகிறது, சிறு கவளமாக இருந்தாலும். முழுச் சம்பளத்துக்கு ஏற்ற கூடுதல் பென்ஷன் பற்றி உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4-இல் தீர்ப்புச் சொன்னது. அதன்பின் நாமெல்லாம் ஓடிய ஓட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். விண்ணப்பித்தவரின் சம்பள விவரத்தை மாதவாரியாக நிர்வாகம் தந்தாக வேண்டும். 1995-லிருந்து!

அந்த ஆலையில் மேஸ்திரியாக இருந்து 2017-இல் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "ஏனுங்க, உங்களுக்குத்தான் அந்தப் பழைய கம்ப்யூட்டர் பாஷை தெரியுமில்லீங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. முப்பத்திரண்டு பேர் காயிதம் நிக்குது" என்றார். போனேன்.

நிலைமை இது. 2006 மார்ச் வரை சம்பளம் ஒரு டாஸ் மென்பொருளில் போட்டிருக்கிறார்கள். வெளியாள் ஒருவர் கோபாலில் எழுதிக் கொடுத்தது. எழுதியவர் இப்போது இல்லை, மூல நிரலும் இல்லை. 2006 ஏப்ரலில் புது மென்பொருள் வந்தபோது ஆரம்ப நிலுவைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு, பழைய மாதங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அச்சடித்த சம்பளப் பட்டியல்கள் கோடவுனில் கட்டுக்கட்டாக இருந்தவை. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, பாதிக்கு மேல் கரையான் பங்கு. நல்லவேளை, பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்த அத்தனையையும் யாரோ ஒரு புண்ணியவான் சி.டி.யில் போட்டு வைத்திருந்தார்.

அங்கே கணினி பார்க்கும் இளைஞர் கெட்டிக்காரர். டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரில் மென்பொருளை ஏற்கெனவே ஓடவிட்டிருந்தார். மெனு வருகிறது. பெயரைத் தட்டினால் ஆள் வருகிறார். "திரையில எல்லாம் இருக்குங்க சார், ஆனா வெளிய எடுக்கத்தான் வழி தெரியல" என்றார். சம்பளப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தால் 'பிரிண்டர் தயாராக இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான்.

இதே தகவல் டிபேஸிலோ ஃபாக்ஸ்ப்ரோவிலோ இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. அந்தக் கோப்புகளை இன்றைய லிப்ரே ஆபீஸில்கூட நேராகத் திறந்துவிடலாம். கோபால் கோப்பு அப்படி இல்லை. எண்களைச் சுருக்கி அடைத்து வைத்திருக்கும். எந்த இடத்தில் எது ஆரம்பிக்கிறது என்ற வரைபடம் நிரலுக்குள் இருக்கும். நிரல் இல்லையென்றால் அது சாவி இல்லாத பெட்டி. அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த மென்பொருள்தான். அதற்குத் தெரிந்த ஒரே வழி 'பிரிண்ட்'.

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய மென்பொருள் பலவற்றில் அச்சுக் கட்டளைதான் தகவல் வெளியே வருவதற்கான ஒரே கதவு. நமக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது தாள் என்பதல்ல விஷயம். தாளுக்குப் போகிற வழியை மறித்துவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே சமாதி.

டாஸ்பாக்ஸை 2002-இல் வெளியிட்டவர்கள் பழைய விளையாட்டுகளுக்காகவே அதைச் செய்தார்கள். அச்சு அவர்கள் கணக்கில் இல்லை, அதை ஒளிக்கவும் இல்லை. அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்பதில் அச்சு உண்டு. எல்.பி.டி.1-க்கு வருவதையெல்லாம் ஒரு கோப்பில் எழுது என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தோம். 'பிரிண்டர் தயாராக இல்லை' போய்விட்டது. 1995 நவம்பர் என்று கொடுத்ததும் பட்டியல் வந்து கோப்பில் விழுந்தது. நண்பர் அந்தக் கோப்பில் தன் டோக்கன் நம்பரைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

1995 நவம்பர் முதல் 2006 மார்ச் வரை 125 மாதங்கள். ஒவ்வொரு மாதமாகத் தட்டி எடுக்க இரண்டு மதியங்கள் ஆயின. நடுவே டீயும் வடையும். கோப்பில் ஆங்காங்கே இருந்த 15, 18, 12 என்ற கட்டளைக் குறிகளை நீக்கிவிட்டு, பத்தி பத்தியாக வெட்டி எக்செல்லில் போட்டார் அந்தத் தம்பி. பி.எஃப். அலுவலகத்துக்கு வருஷா வருஷம் அனுப்பிய 6ஏ படிவ நகல்கள் சில வருஷங்களுக்குத் தப்பிப் பிழைத்திருந்தன. அந்தக் கூட்டுத்தொகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்த பிறகுதான் மேலாளர் கையெழுத்துப் போட்டார். அதுதான் முறை. எமுலேட்டர் சொல்லிவிட்டது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளக் கூடாது.

விண்ணப்பங்கள் என்ன ஆயின என்பது தனிக் கதை. அதற்கு வேறு விதிகள் உண்டு. ஆனால் 'விவரம் இல்லை' என்ற காரணத்தால் அந்த முப்பத்திரண்டு பேரில் ஒருவருடைய காகிதமும் நிற்கவில்லை.

எக்ஸ்.பி.க்கு என்ன வழி?

டாஸுக்கு இந்த வழி. விண்டோஸ் எக்ஸ்.பி. போன்றவற்றுக்கு வேறு வழி. அதற்குள் புது பிரிண்டரின் டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். 1984-இல் அடோபி வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க மொழி, 1985-இல் ஆப்பிள் லேசர்ரைட்டரோடு உலகுக்கு வந்தது. அதன் இலக்கணம் புத்தகமாகவே வெளிவந்தது. பழைய விண்டோஸ்கள் எல்லாவற்றுக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியும். ஆகவே 'என்னிடம் ஒரு பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் லேசர் பிரிண்டர் இருக்கிறது' என்று எக்ஸ்.பி.யிடம் ஒரு நல்ல பொய் சொல்லிவிட வேண்டியது. அது அனுப்புவதை வெளியே இருக்கும் புதிய கணினி பிடித்துக்கொள்ளும். 1988 முதல் இலவசமாகக் கிடைக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதை பி.டி.எஃப். ஆக்கிவிடும். அப்புறம் எந்த பிரிண்டரில் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

நம் தமிழுக்கு இது மிக முக்கியம். 1990-களில் டி.டி.பி. செய்த தமிழ்ப் புத்தகங்கள் ஏராளம். பேஜ்மேக்கரில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு குறியீட்டில் எழுத்துரு வைத்திருந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, 2001-இல் வந்தது. அந்தக் கோப்புகளை இன்று திறந்து, எழுத்துகளை நகலெடுத்து ஒட்டினால் லத்தீனும் வெள்ளைக்காரன் காசுக்குறிகளும் கலந்த கொத்துப் பரோட்டாதான் கிடைக்கும். ஆனால் எக்ஸ்.பி.க்குள் பழைய எழுத்துருவோடு திறந்து, அச்சு வழியாக வெளியே எடுத்தால் அட்சரம் பிசகாமல் தமிழ் வரும். தேட முடியாது, திருத்த முடியாது. ஆனால் படிக்கலாம். புத்தகத்துக்கு அதுதானே முதல் தேவை?

அதற்கும் முந்தைய காலத்தில் ஜிஸ்ட் கார்டு இருந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கி, புனேயின் சி-டாக் வளர்த்தெடுத்தது. கணினிக்குள் செருகினால் டாஸில் தமிழும் இந்தியும் வரும். வழக்கமான எமுலேட்டர்கள் இந்தக் கார்டு மாதிரி நடிப்பதில்லை. ஆகவே திரையில் தமிழ் வராது, கோணல் மாணலாகக் குறிகள் வரும். ஆனால் அந்தக் குறிகளுக்குப் பின்னால் இருப்பது 1991-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட இஸ்கி குறியீடு. ஊரறிந்த தரம் என்பதால், அச்சுக்கு வரும் எழுத்துகளைக் கோப்பில் பிடித்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். திரையில் செத்துப்போனது அச்சு வழியில் பிழைக்கிறது, பாருங்கள்.

பூட்டும் சாவியும்

இதுவரை சொன்னவற்றில் எது பிழைத்தது, எது செத்தது என்று கவனித்தீர்களா? கையேட்டின் பின்பக்கத்தில் அச்சான எப்சன் கட்டளைகள் பிழைத்தன. புத்தகமாக வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் பிழைத்தது. அரசுத் தரமாக வந்த இஸ்கி பிழைத்தது. தன் கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த பாஷை பேசிய பிரிண்டர்கள் அந்தந்த விண்டோஸோடு உடன்கட்டை ஏறின.

இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததில்லை. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். அங்கிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தாள் சிக்கினால் பயன்படுத்துவோருக்குச் செய்தி போகிற மாதிரி முந்தைய பிரிண்டரின் மென்பொருளை மாற்றி வைத்திருந்தார். புதியதிலும் அப்படிச் செய்ய மூல நிரல் கேட்டார். கிடைக்கவில்லை. அந்தக் கசப்பும் ஒரு காரணமாகி, 1983-இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் இயக்கம் என்கிற பெரிய ஆலமரத்தின் வேர்களில் ஒன்று, தாள் சிக்கிய பிரிண்டர். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கணினியில் பூட்டு எங்கே இருக்கிறது என்பது அச்சடிக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

'காகிதம் எதற்கு?' என்பவர்களுக்கு

இளைஞர்கள் சொல்லும் மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது, "எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்ட பிறகு காகிதம் எதற்கு?" நியாயமான கேள்விதான். மேலே சொன்ன ஆலையில் நாங்கள் ஒரு தாள்கூட அடிக்கவில்லை. கோப்பாகத்தான் எடுத்தோம். அச்சு வழி என்று நான் சொல்வது மரத்தை வெட்டுகிற வழியை அல்ல. தகவல் வெளியேறுகிற வழியை.

அது மட்டுமில்லை. இன்னும் மூன்று நகல் கார்பன் ரசீது தேவைப்படுகிற லாரி புக்கிங் ஆபீஸ்களும் மண்டிகளும் இருக்கின்றன. அவர்களுக்கும் வழி உண்டு. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இப்போது யு.எஸ்.பி. இணைப்போடு கிடைக்கிறது. விண்டோஸில் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற பெயரில் சாதாரண எழுத்துக்கான டிரைவர் இருக்கிறது. பிடித்து வைத்த எழுத்துகளை, கட்டளைக் குறிகளோடு மாற்றாமல் பிரிண்டருக்கு அனுப்பிவிட்டால் பழைய மாதிரியே அடிக்கும்.

இரண்டாவது மறுப்பு, "அப்போதே புது மென்பொருளுக்கு மாறியிருக்கலாமே?" மாறினார்கள். மாறும்போது நிலுவையை மட்டும்தான் ஏற்றுவார்கள், சரித்திரத்தை ஏற்றுவதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. சரித்திரம் தேவைப்படுவது பதினைந்து, இருபது வருஷம் கழித்து. கேட்பவர் ஓய்வு பெற்ற மேஸ்திரியாக இருப்பார், நிர்வாகமாக இருக்காது.

மூன்றாவது, "இதையெல்லாம் எத்தனை நாளைக்குக் கட்டி இழுப்பது?" இதில் நான் அவர்கள் பக்கம். எமுலேட்டரில் தினசரி வேலை பார்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இடிந்த வீட்டுக்குள் குடித்தனம் நடத்த முடியாது. சாமான்களை வெளியே எடுத்து வருவதற்கு மட்டும் உள்ளே போக வேண்டும். ஆனால் அதற்காவது கதவு திறக்க வேண்டாமா? இன்றைய 64 பிட் விண்டோஸில் டாஸ் மென்பொருள் ஓடவே ஓடாது. விண்டோஸ் 11-இல் 64 பிட் தவிர வேறு கிடையாது. எனவே எமுலேட்டரை விட்டால் வேறு ஏணி இல்லை.

என்ன செய்யலாம்?

சங்கத்துக்கோ கோயில் அறக்கட்டளைக்கோ கூட்டுறவுப் பண்டகசாலைக்கோ கணக்கு பார்க்கிற நண்பர்கள் இதைப் படிப்பவர்களில் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகச் சில வார்த்தைகள்.

பழைய கணினி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், அது நிற்பதற்கு முன் எல்லா ஆண்டு அறிக்கைகளையும் கோப்பாக அச்சடித்து வையுங்கள். டாஸாக இருந்தால் வெறும் எழுத்துக் கோப்பு, விண்டோஸாக இருந்தால் பி.டி.எஃப். கணினியைக் காயலான் கடைக்குக் கொடுத்த பிறகு இதே வேலைக்குப் பத்து மடங்கு பாடுபட வேண்டும்.

எடுத்த கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். கூட்டுத்தொகையை ஒரு பழைய தாளோடு சரிபாருங்கள். சரிபார்த்தவர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். நாளைக்குக் கேட்பவர்களுக்கு நாம் இருக்க மாட்டோம்.

புது மென்பொருள் வாங்கும்போது, 'இதிலிருந்து என் தகவல் முழுவதையும் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா?' என்று கேட்டு, விற்க வந்தவரைக் கண்முன்னே செய்துகாட்டச் சொல்லுங்கள். 'அடுத்த அப்டேட்டில் வரும்' என்றால் பணத்தை அடுத்த அப்டேட் வரும்போது தருவதாகச் சொல்லுங்கள். பிரிண்டர் வாங்கும்போதும் இரண்டாயிரம் ரூபாய் குறைகிறதே என்று பார்க்காமல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போல ஊரறிந்த மொழி ஏதாவது அதற்குத் தெரியுமா என்று விசாரியுங்கள்.

அரசு அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய கணினிகளை ஏலம் விடுவதற்கு விதிமுறை இருக்கிறது. அதற்குள் இருக்கும் பதிவேடுகளை முதலில் வெளியே எடுத்து, ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகே ஏலம் என்று ஒரு வரி சேர்க்கலாம். எமுலேட்டர் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் உழைக்கும் தன்னார்வலர்கள். அவர்கள் விளையாட்டுக்கு முதலிடம் கொடுத்தால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? அச்சு வழியைச் சீர்செய்ய காசு கொடுக்க வேண்டியது அந்தப் பதிவேடுகளால் பிழைப்பவர்கள்தான். ஓர் ஏலத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கு போதும்.

கல்வெட்டுக்கும் ஓலைக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. படிக்கத் தெரிந்தவன் கிடைத்தால் போதும். நம் தலைமுறை எழுதிவைத்ததைப் படிக்க ஆளும் வேண்டும், இயந்திரமும் வேண்டும், அந்த இயந்திரம் வாய் திறக்கவும் வேண்டும். வாய் திறக்க வைப்பதுதான் இந்த அச்சு வேலை. உங்கள் அலுவலகத்தில், உங்கள் சங்கத்தில், மூலையில் துணி போர்த்தி ஒரு பழைய கணினி இருக்கிறதா? இந்த மாதமே அந்தத் துணியை எடுத்துவிட்டு, அதன் மெனுவில் 'பிரிண்ட்' எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.